மூன்றாவது ஆளுக்கு இடமில்லை

காரில் இரண்டு பேர் உட்காரலாம். வாசலில் நான்கு பேர் நின்றார்கள்.

"முதல்ல என்னைச் சின்னாளபட்டியில இறக்கிவிட்டுட்டு வாங்க. அடுத்த நடையில அறிவைக் கூட்டிட்டு வாங்க. கடைசியா அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. முகூர்த்தம் ஒன்பதரைக்குத்தான்," என்றாள் ஸ்ரீமதி. பட்டுச் சேலையின் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புக் காருக்குள் இறங்கினாள். ஏறினாள் என்று சொல்ல முடியாது. தரையோடு தரையாகக் கிடந்த அந்தக் காரில் யாரும் ஏறியதே இல்லை. எல்லோரும் இறங்கித்தான் உட்கார்ந்தார்கள்.

பொன்ராஜ் நடையை எண்ணிப் பார்த்தான். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து சின்னாளபட்டி பதினோரு கிலோமீட்டர். போக மூன்று நடை, வர இரண்டு நடை.

"நான் கடைசியாவே வாரேன் மாப்ள," என்றாள் மாமியார் அங்கம்மாள். "சீர்த்தட்டு என் கையில இருக்கட்டும். இந்தப் பிள்ளை தூக்கிட்டு வந்தா கவுத்துப்புடும்."

பத்து வயது அறிவுச்செல்வி பாட்டியை முறைத்தாள்.

மாமியாரின் அந்தப் பெருந்தன்மையில்தான் வினை ஆரம்பித்தது. மூன்றாவது நடையில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஒன்று யோசித்து யோசித்துப் போனது. கேட் திறந்தபோது மழை பிடித்துக்கொண்டது. காரோ திறந்த கார். பின்னால் மடித்து வைத்திருந்த கான்வாஸ் கூரையை இழுத்தால் பாதி வந்து நின்றுவிட்டது. அந்தப் பாதியும் பொன்ராஜின் தலைக்கு மேல்தான் இருந்தது. அங்கம்மாள் வேறு வழியில்லாமல் சீர்த்தட்டிலிருந்த சுங்குடிச் சேலையை உருவித் தலையில் போர்த்திக்கொண்டாள். சிவப்புச் சேலை, தண்ணீரே பட்டிராத புதுச் சாயம்.

மண்டப வாசலில் அவள் போய் இறங்கியபோது தாலி கட்டி முடிந்து, முதல் பந்தியும் எழுந்துவிட்டது. சொந்தத் தங்கை மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை. முகமெல்லாம் சிவப்பு வழிய நின்றவளைக் கண்டதும் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள், "ஐயையோ, ஆக்சிடெண்ட்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். இரண்டு பேர் அவளை அலாக்காகத் தூக்கி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகப் பார்த்தார்கள்.

அன்றோடு அங்கம்மாள் மருமகனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பொன்ராஜ் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "அடியே அறிவு, உங்கப்பாவுக்கு வெஞ்சனம் வேணுமான்னு கேளு," என்பாள்.

"வேணும்னு சொல்லு," என்பான் பொன்ராஜ்.

"அப்பாவுக்கு வேணுமாம் பாட்டி," என்பாள் அறிவுச்செல்வி, சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான் பொன்ராஜ். எரியோடு, வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன மோட்டார்களைக் கொண்டுவந்து போடுவார்கள். இரண்டு நாளில் அவற்றுக்கு உயிர் வந்துவிடும். கை அப்படி. அந்தக் காருக்கும் அவன்தான் உயிர் கொடுத்தான். மலைக் காப்பித் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன வண்டி அது. மலைப்பாதையில் அது சீறிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது பொன்ராஜுக்கு வயது பத்தொன்பது. கோழிகள் அடைந்துகொண்டிருந்த ஒரு கொட்டகையிலிருந்து அதை மீட்டு வாங்கியபோது இருபத்தொன்பது. ஓட வைத்தபோது முப்பத்தொன்று. எண்பது மைல் வேகத்தில் போகும் என்று முள் சொன்னது. திண்டுக்கல்லில் அவ்வளவு வேகத்துக்கு ரோடு இல்லை. ஊரில் அதற்குத் 'தக்காளி வண்டி' என்று பெயர்.

அந்த வண்டியை ஸ்ரீமதியும் ஒரு காலத்தில் ரசித்தவள்தான். சித்திரை மாதத்துக்குப் பிறகுதான் அவள் பேச்சு மாறியது. வீட்டில் ஓர் அறையில் அவள் சின்னாளபட்டிச் சேலைகளை அடுக்கி வைத்து விற்றுவந்தாள். சித்திரையிலிருந்து புதிதாக ஒரு வாடிக்கை சேர்ந்திருந்தது. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை; பழனிப் பக்கத்துக்காரி என்பதால் 'பழனி அக்கா'. கண் டாக்டரைப் பார்க்க மாதம் இரண்டு தடவை திண்டுக்கல் வருவாளாம். வரும்போதெல்லாம் ஒரு சேலை எடுப்பாள். பேரமே பேச மாட்டாள். போகும்போது ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவாள்.

"இன்னைக்குப் பழனி அக்கா வந்துச்சுங்க."

"சேலை எடுத்துச்சா?"

"எடுக்காமப் போகுமா? வாடாமல்லிக் கலர். உங்க காரைக் கடை வாசல்ல பாத்துச்சாம். 'ரெண்டு பேரு உக்கார்ற வண்டியை வெச்சுக்கிட்டு எப்படித் தாயி குடும்பம் நடத்துற'ன்னு கேக்குது."

"அந்தம்மா சேலையை உடுத்துதா, இல்ல வீட்டுல அடுக்கி வெச்சு வேடிக்கை பாக்குதா?"

"பேச்சை மாத்தாதீங்க. 'நாலு கதவு வண்டியா இருந்தா அம்மாளையும் பிள்ளையையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போய் இறங்கலாமே'ங்குது. அது கேட்டதுல என்ன தப்பு?"

தப்பு எதுவும் இல்லாததுதான் பொன்ராஜுக்கு எரிச்சலாக இருந்தது.

ஐப்பசியில் ஸ்ரீமதியின் சித்தப்பா மகன் ஆனந்த்ராஜுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு பழனியைத் தாண்டி பாலசமுத்திரம்; தை மாதம் அங்கேயே கல்யாணம். ஆனந்த்ராஜுக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் ஸ்ரீமதிதான்.

"மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மிச்சத்தை நான்தான் போடணும். அங்க போயி, 'செத்த நேரம் பொறுங்க, நாத்தனார் ரெண்டாவது நடையில வருது'ன்னு ஐயர்கிட்டச் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள் ஸ்ரீமதி. "நாம நாலு பேரும் ஒரே கார்ல போகணும். ஒண்ணா இறங்கணும். எங்கம்மா உங்களோட மறுபடி பேசணும்னா வேற வழி இல்ல."

"உங்கப்பாகிட்டச் சொல்லு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "பேசுறதப் பத்தி நான் இன்னும் முடிவு பண்ணல."

பொன்ராஜ் அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில், "யாரு மாத்திக் குடுப்பா?" என்று கேட்டான்.

"பேகம்பூர்ல பாரூக்னு ஒரு பாய் இருக்காராம். பழைய கார் புரோக்கராம். பழனி அக்காதான் சொல்லுச்சு."

முகமது பாரூக் நான்கே நாளில் ஆள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணே, இவர் பாலசமுத்திரம் சடையாண்டி. தென்னந்தோப்பு, தக்காளிக்காடு எல்லாம் இருக்கு. அம்பாசிடர் வெச்சிருக்கார். ஏழு வருச வண்டி, ஒரு கீறல் கிடையாது. மாஷா அல்லா, பொண்ணு மாதிரி வெச்சிருக்கார்."

கடை வாசலில் பால் நிற அம்பாசிடர் ஒன்று யானைக்குட்டிபோல நின்றது. அதிலிருந்து இறங்கிய சடையாண்டிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சொந்தக் காரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சிவப்புக் காரிடம் போய் அதைச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இதுல எத்தனை பேரு போலாமுங்க?"

பொன்ராஜ் தயங்கினான். உண்மையைச் சொன்னால் வியாபாரம் கெடும். "ரெண்டு பேருங்க. கொஞ்சம் ஒதுங்கி உக்காந்தா மூணாவதா ஒரு ஆளு..."

சடையாண்டியின் முகம் வாடிவிட்டது. "மூணு பேரு போலாமுங்களா?"

சரி, இந்த மனிதருக்கு மூன்று பேர் போதவில்லை என்று பொன்ராஜ் நினைத்தான். பொய்யை அதற்கு மேல் இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "இல்லீங்க. நெசத்தைச் சொல்லிர்றேன். ரெண்டே பேருதான். மூணாவது ஆளு உக்காந்தா கியர் போட முடியாது."

"சின்னப் பிள்ளை?"

"அதுவும் முடியாதுங்க."

"பின்னால டிக்கியில?"

"ஒரு பெட்டி வைக்கலாம்."

"ஆளு?"

"டிக்கியில ஆளா? மூச்சு முட்டிப்போகும்ங்க."

"சரிங்க," என்றார் சடையாண்டி. முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "மாத்திக்கலாமுங்க."

பொன்ராஜ் பாரூக்கைப் பார்த்தான். பாரூக் வானத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுல எத்தனை பேருங்க?" என்று கேட்டான் பொன்ராஜ். கேட்காமல் இருந்தால் ராத்திரி தூக்கம் வராது.

"பதினேழு பேருங்க. ஒரே சமையலு."

"பதினேழு பேருக்கு இந்த வண்டி..."

"எண்ணிப் பார்த்துட்டுத்தானுங்க வந்தேன்."

வெளிநாட்டுக் கார் என்பதால் மேற்கொண்டு ஒரு தொகையும் பேசியிருந்தது. அதையும் அவர் முணுமுணுக்காமல் கொடுத்தார். கான்வாஸ் கூரை பாதியில் நின்றுவிடும் என்பதையும் பொன்ராஜ் சொன்னான். "எந்தப் பக்கத்துப் பாதிங்க?" என்று மட்டும் கேட்டார்.

"டிரைவர் பக்கம் மூடும்."

"அப்ப மழை வந்தா இடம் மாத்தி உக்காந்துக்கலாமுங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது யார் ஓட்டுவது என்று பொன்ராஜ் கேட்கவில்லை.

சிவப்புக் கார் சீறிக்கொண்டு பழனி ரோட்டில் மறைந்தது. பொன்ராஜ் வாசலிலேயே நின்றான். பாதி வருத்தம், பாதி, ஒரு வெள்ளந்தி மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்ற குறுகுறுப்பு.

அம்பாசிடர் வந்த அன்று மாலை நான்கு பேரும் அபிராமி அம்மன் கோயிலுக்குப் போனார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அறிவுச்செல்வி பின் சீட்டில் படுத்து உருண்டு பார்த்தாள். அங்கம்மாள் சன்னல் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். பேசவில்லை, ஆனால் ஏற்றி இறக்கிய விதத்தில் சமாதானம் தெரிந்தது.

குடும்பம் அந்தக் காரில் போனது அன்றோடு சரி.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஆரோக்கியதாஸ் ஒரு பெட்டியோடு வாசலில் நின்றார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். "தம்பி, கடைக்குத்தானே போறீங்க? ஸ்டேஷன்ல செத்த இறக்கிவிட்டுருங்க." ஸ்டேஷன் வழிதான். அவர் ஏறினார். எதிர்வீட்டு மாயம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏப்பா பொன்ராசு, நாளைக்கு என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். தக்காளி வண்டியா இருந்தா கேப்பேனா? இது குடும்பத்து வண்டி."

இப்படித்தான் நுழைந்தார்கள். ஒரு வாரத்தில், காலையில் கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தெருவில் நான்கு வீட்டுக் கதவுகள் திறந்தன. சேலை மூட்டையோடு வெளியே வரும் ஸ்ரீமதி, காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸுக்குப் போனாள்.

பொன்ராஜ் ஒரு வழி யோசித்தான். "கார்ல பெட்ரோல் இல்ல," என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தான்.

மறுநாள் காலை மாயம்மாளின் மகன் கையில் ஒரு தகர டின்னோடு நின்றான். "அஞ்சு லிட்டர் இருக்குண்ணே. இனிமே பெட்ரோல் கவலையை எங்ககிட்ட விட்ருங்க." பெட்ரோல் ஊற்றியவனை எப்படி இறக்கிவிடுவது? அவன் முன் சீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டான்.

அடுத்து, "பேட்டரி போயிருச்சு. தள்ளினாத்தான் ஸ்டார்ட் ஆகும்," என்றான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "ஏலே, பிடிங்கடா! ஒண்ணா அமுக்கணும்!" என்று ஹெட்மாஸ்டர் பழைய டிரில் வகுப்புக் குரலில் உத்தரவு போட்டார். நன்றாக இருந்த கார் முதல் தள்ளலிலேயே பிடித்துக்கொண்டது. தள்ளியவர்கள் ஓடிவந்து ஏறினார்கள். தள்ளிவிட்டவனை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் நாகல் நகரில் கிடையாது. முன்பு நான்கு பேர் ஏறினார்கள். இப்போது ஆறு.

மூன்றாவது யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"ஜோசியர் சொல்லிட்டாரு," என்றான் பொன்ராஜ். "என் ஜாதகத்துக்கு இந்தக் காரை நல்ல நேரம் பாத்துத்தான் வெளிய எடுக்கணுமாம்." கடை திறக்கும் நேரத்துக்கும் நல்ல நேரத்துக்கும் சம்பந்தம் இருக்காது, எவரும் காத்திருக்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

தெரு வேறு கணக்குப் போட்டது. நல்ல நேரத்தில் மட்டுமே ஓடுகிற கார் என்றால் அது சாதாரணக் காரா? மாயம்மாளின் தம்பி தன் மகனுக்குப் பெண் பார்க்க அதில்தான் போனார், உடனே முடிந்தது. சேவுகம்பட்டியில் யாரோ அதில் போய் நிலம் பேசினார்கள், அதுவும் முடிந்தது. பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர 'ராசிக் கார்' வேண்டும் என்று எரியோட்டிலிருந்து ஆள் வந்தது. காயில் கட்ட மோட்டார் கொண்டுவந்த விவசாயிகள், "மோட்டார் கிடக்கட்டுங்க, கார் எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டார்கள்.

ஒரு நாள் இரவு ஸ்ரீமதி சேலைகளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தத் தக்காளி வண்டியிலயாவது நான் ஒருத்தி உங்க பக்கத்துல உக்காந்து போனேன்."

பொன்ராஜ் ஒரு சேலையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான்.

"இந்தப் பழனி அக்காவும் இப்ப வர்றதே இல்ல," என்றாள் அவள். "கண்ணு சரியாப்போச்சு போல."

"கல்யாணத்தன்னைக்கு ஒருத்தனையும் ஏத்த மாட்டேன்," என்றான் பொன்ராஜ். "நீ, நான், அறிவு, உங்கம்மா. நாலே பேரு. இது சத்தியம்."

கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்கே கிளம்புவதாக ஏற்பாடு. தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. முதல் நாள் கார் துடைத்தாயிற்று. அங்கம்மாள் புதுச் சேலையில், மடியில் சீர்த்தட்டோடு, வாசலில் தயாராக நின்றாள்.

பொன்ராஜ் கதவைத் திறந்தான். உள்ளே ஆள் இருந்தது.

"வா தம்பி, நேரமாச்சு," என்றார் ஆரோக்கியதாஸ் பின் சீட்டிலிருந்து. பக்கத்தில் அவர் மனைவி. "ஒட்டன்சத்திரத்துல மச்சினி வீட்டுல இறங்கிக்கிறோம். வழிதானே?" அவருக்கு அடுத்து மாயம்மாள், அவள் மகள், மகள் மடியில் கைக்குழந்தை. முன் சீட்டில், குழந்தையின் தாய்மாமன் என்ற முறையில், பெட்ரோல் ஊற்றியவன்.

"எப்படி... யாரு சொன்னா?"

"அறிவுதான் நேத்து சாயந்தரம் சொல்லிச்சு," என்றாள் மாயம்மாள். "பேரனுக்குப் பழனியில மொட்டை போடுறதா நேந்திருந்தேன்ப்பா. ஒரு வருசமாத் தள்ளிப்போகுது. நீ பழனி வழியாப் போறேன்னதும் எனக்கு மெய்சிலுத்துப் போச்சு. முருகனே கார் அனுப்பிட்டான்."

எல்லோரும் அறிவுச்செல்வியைப் பார்த்தார்கள். அவள் தன் ரிப்பனைப் பார்த்தாள்.

பொன்ராஜின் காதுகள் சிவந்தன. மூன்று மாதம் அடக்கிவைத்தது வாய்க்கு வந்துவிட்டது. "எல்லாரும் இறங்..." என்று ஆரம்பித்துவிட்டான். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அறிவு, உங்கப்பாகிட்டச் சொல்லு. மொட்டை போட நேந்துக்கிட்டு ஏறின பிள்ளையை இறக்கிவிட வேணாம். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? நாம பஸ்ல போயிக்குவோம்."

"அம்மா!" என்றாள் ஸ்ரீமதி.

"முடிச்சுப் போடணும்ல? வா, ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்போம்."

மூன்று பேரும் சீர்த்தட்டோடு தெருமுனை திரும்புவதைப் பொன்ராஜ் பார்த்துக்கொண்டு நின்றான். கார் தள்ளாமலேயே ஸ்டார்ட் ஆனது. பேகம்பூர் முக்கில் பாரூக் கை காட்டினார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அவருக்கு ஒரு லாரி பார்க்க வேண்டியிருந்தது.

ஒட்டன்சத்திரத்தில் ஹெட்மாஸ்டரின் மச்சினி காப்பி குடிக்காமல் விடவில்லை. வழியில் குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டியிருந்தது. டீக்கடையில் அடுப்புப் பற்றவைக்கும்வரை நின்றார்கள். பழனி அடிவாரத்தில் மொட்டையடிக்கும் இடம்வரை கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. பாலசமுத்திரம் மண்டப வாசலில் பொன்ராஜ் தன்னந்தனியாக வந்து இறங்கியபோது, முதல் பந்தி கை கழுவிக்கொண்டிருந்தது.

ஸ்ரீமதி சிரித்துக்கொண்டே வந்தாள். "எட்டு மணிக்கே வந்துட்டோம்ங்க. முடிச்சு இறுக்கிப் போட்டுட்டேன். எல்லாரும் உங்களைத்தான் தேடுனாங்க."

அங்கம்மாள் பின்னாலேயே வந்தாள். மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தது.

"தாலி கட்டுறதப் பாக்கலையா மாப்ள?"

"இல்லத்தே."

"எனக்கும் அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். குரலில் கோபமே இல்லை. ஏதோ ஒரு பாக்கி தீர்ந்த நிம்மதி இருந்தது. "போங்க, சாப்புடுங்க. பஸ்ல எனக்குச் சன்னலோரம் இடம் கிடைச்சுச்சு. காத்து என்னமா வருது! இந்தாங்க, தாம்பூலப் பை."

வயிறு நிறையச் சாப்பிட்டதும் பொன்ராஜுக்கு ஒரு முடிவு தோன்றியது. தாம்பூலப் பையோடு சடையாண்டியின் தோப்பை விசாரித்துக்கொண்டு நடந்தான். பாதி வழியிலேயே ஆள் அகப்பட்டார். அணைக்கட்டுக்குப் போகும் ரோட்டில், ஒரு புளியமரத்தடியில் சிவப்புக் கார் நின்றது. துடைத்துத் துடைத்துப் பழைய நாளைவிடப் பளபளத்தது. ஓட்டுகிற இடத்தில் சடையாண்டி. பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், வேர்க்கடலை உரித்து அவர் கையில் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் அணைத் தண்ணீரைப் பார்த்தபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடடே, வாங்க, வாங்க!" என்றார் சடையாண்டி. "என் சம்சாரமுங்க, சோலையம்மாள்."

பொன்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். வரும் வழியிலேயே பேச்சைத் தயார் பண்ணியிருந்தான்.

"எனக்கு மனசு கேக்கலைங்க. பதினேழு பேரு இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பேரு வண்டியைத் தலையில கட்டிட்டேன். உங்க நல்ல மனசு, நீங்க ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்கு உறுத்துது. உங்க அம்பாசிடரை நீங்களே எடுத்துக்கங்க. வாங்கின மேல் தொகையையும் குடுத்துர்றேன். இந்த வண்டியோட நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன்."

சடையாண்டி பதறி ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க!"

"இல்ல, உங்க நன்மைக்குத்தான்..."

"ஏனுங்க, சொன்னா நம்புவீங்களா? நான் சாவியைக் கையில எடுத்தா ஒன்பது பேரு செருப்பு மாட்டுவாங்க. தம்பிக நாலு பேரு, அவங்க பிள்ளைக, ரெண்டு அத்தை. அடுத்த வீட்டுக்காரங்க வேற. கலியாணமாகி முப்பத்திரண்டு வருசமுங்க. நானும் இவளும் தனியா ஒரு டீக்கடைக்குப் போனதில்லீங்க. இப்பச் சாவியை எடுக்கிறேன், ஒருத்தரும் எந்திரிக்கிறதில்லை. கோவிச்சுக்கவும் முடியாதுங்களே! இடமில்லைன்னு வண்டியே சொல்லிருது." அவர் மனைவியைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "தெனமும் ஒரு தடவை வந்துருவோமுங்க. மழையிலகூட வந்தோமுங்க. பாதிக் கூரைக்கு அடியில ரெண்டு பேரும் ஒண்டிக்கலாமுங்க."

மூன்று மாதமாக இந்த மனிதருக்காக இரக்கப்பட்டது பொன்ராஜின் நினைவுக்கு வந்து, அதை எங்கே வைப்பது என்று விழித்தான்.

"ஆனந்த்ராஜ், தமயந்தி, தை பதிமூணு," என்று வாசித்தாள் சோலையம்மாள். பத்தடி தள்ளி அவன் கையில் தொங்கிய தாம்பூலப் பையில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது அது. அவள் கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. "ஸ்ரீமதி நேரத்துக்கு வந்து முடிச்சுப் போட்டாங்களா?"

பொன்ராஜ் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவள் கட்டியிருந்த சேலை கண்ணில் பட்டது. வாடாமல்லிக் கலர் சின்னாளபட்டி.

"எங்க வீட்டுக்காரியை உங்களுக்குத் தெரியுமாங்க?"

சோலையம்மாள் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"தெரியாமயாங்க? அவங்க மனசு மாறி, அப்புறம் உங்க மனசையும் மாத்துறதுக்குள்ள எனக்குப் பதினாலு சேலை ஆச்சுங்களே!"